டைப்ரைட்டர் சத்தமும் இரண்டு மாடுகளும்

எங்கள் வீட்டில் வேலை என்பது காதால் அறியப்படுவது. என் கணவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடியே, தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா காற்று இழுக்கிறதா என்று சொல்லிவிடுவார். என் மாமியார் அடுப்படியில் நின்றுகொண்டே, கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் நறுக்குகிற இயந்திரம் பச்சைச் சோளத்தட்டை வெட்டுகிறதா காய்ந்த தட்டையா என்று கண்டுபிடிப்பார். சத்தம் வந்தால் வேலை நடக்கிறது. வராவிட்டால் கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ சும்மா இருக்கிறார்கள். மூன்றாவது சாத்தியத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

அந்த மூன்றாவது சாத்தியம் நான்.

நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவள். பத்திரிகைகள் போடுகின்றன. எப்போதாவது யாராவது படித்துவிட்டு, அந்த இதழில் ஒரு ஜோக் பிரமாதமாக இருந்ததென்று சொல்வார்கள். விசாரித்தால் அது அடுத்த பக்கத்தில் வேறு யாரோ எழுதியதாக இருக்கும். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், கேரளம் என்று பலகை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. கிராம அலுவலகத்துக்குப் போகும்போது மட்டும் மலையாளம் பேசுவோம். திரும்பி வரும் வழியிலேயே அதை உதிர்த்துவிட்டு வீடு சேருவோம். என் கட்டுரைகளை எங்கள் ஊரில் வாங்கிப் படிப்பவர்கள் மொத்தம் ஒருவர். அவரும் நான்தான்.

எழுதுகிற நேரம் காலை பதினொன்று முதல் ஒன்று வரை. அதற்கு முன்னால் கறவை, சாணி, பலகாரம், சமையல். அதற்குப் பின்னால் சோறு, பாத்திரம், துணி, மறுபடியும் கறவை. நடுவிலிருக்கிற அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். இடம், முன்பு புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருந்த சின்ன அறை. மூட்டை போய்விட்டது, வாசம் போகவில்லை. அங்கே உட்கார்ந்து எழுதியதை மனிதர்களைவிட மாடுகள் விரும்பிப் படிக்கக்கூடும்.

தொல்லை என்னவென்றால், லேப்டாப்பில் சத்தம் வராது. நான் வாழ்க்கையின் அபத்தங்களைப் பற்றி விரல் நோக அடித்துக்கொண்டிருப்பேன். வெளியே கேட்பதென்னவோ ஒரு நடுவயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிற அமைதி. உடனே கதவு திறக்கும்.

“கண்ணு, சும்மாத்தான உக்காந்திருக்கற? இந்த வெங்காயத்தைச் சித்தெ உரிச்சுக் குடு.”

“வேலையா இருக்கறனுங்க அத்தை.”

அத்தை லேப்டாப்பைப் பார்ப்பார். லேப்டாப் மூச்சுக்கூட விடாது. வெங்காயக் கூடை என் மடியில் வந்து உட்காரும்.

பால் அளக்கப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரி, “வெறுதே இருக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். எல்லைப்புறத்தில் வாழ்வதில் ஒரு வசதி: வேலையில்லாமல் இருப்பதை இங்கே இரண்டு மொழிகளில் சொல்லலாம். நான் இரண்டிலும் தேறியிருந்தேன்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். பிறகு மாடுகள் வந்தன. வரவில்லை, வரப்போவதாகப் பேச்சு வந்தது. ஒரு நாள் காலை இட்லிக்கு நடுவில் என் கணவர், சந்தையில் இரண்டு கறவை மாடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஏற்கெனவே மூன்று நிற்கின்றன.

“அஞ்சு உருப்படிய யாருப்பா பாக்கறது?” என்றார் அத்தை. “எனக்கு முழங்காலு மடங்க மாட்டீங்குது.”

“இவ இருக்கறாளல்லம்மா. புள்ளையும் ஆஸ்டலுக்குப் போயிருச்சு. பதினொண்ணு மணிக்கு மேல சும்மாத்தான உக்காந்திருக்கறா.”

நான் சட்டினி போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு தெளிவாக இருந்தது. ஐந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கழுவி, தட்டு வெட்டிப் போட்டு, கட்டுத்தறியைக் கூட்டித் தள்ள, இப்போது ஆவதைவிட மிகச் சரியாக இரண்டு மணி நேரம் கூடுதலாகும். எந்த இரண்டு மணி நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாடுகள் வந்தால் என் எழுத்து போகும். தமிழ் இலக்கியத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். இலக்கியத்தை யார் கேட்டது? போகப்போவது என்னுடைய இரண்டு மணி நேரம்.

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் செல்லுபடியாகிற சாட்சியம் சத்தம் ஒன்றுதான். சரி, சத்தம்தானே வேண்டும் உங்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வயதில் பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் படித்தவள் நான். லோயரில் தேறினேன், ஹையரில் தோற்றேன். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு எந்த ஏக்கமும் கிடையாது. சுண்டுவிரலை வீங்க வைத்து, ஒரு எழுத்து தவறினால் முழுத்தாளையும் கிழிக்க வைத்து, வரி முடிந்ததும் மணியடித்து ஊரைக் கூட்டுகிற இரும்புப் பிசாசு அது. அது ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஒரு குணத்தை மறுக்க முடியாது: தெருமுனை வரை கேட்கும்.

இணையத்தில் தேடினேன். விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தொட்டாலும் டைப்ரைட்டர் அடிக்கிற சத்தம் எழுப்புகிற சின்ன நிரல் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. எழுத்துகளுக்கு ‘டக்’, இடைவெளிக்கு ‘தொப்’, என்டரைத் தட்டினால் ஒரு மணியோசை, அதைத் தொடர்ந்து உருளையைத் தள்ளுகிற ‘கர்ர்ர்’. நிறுவிவிட்டு ஆசையாக ஒரு வரி அடித்தேன். லேப்டாப்பின் சொந்த ஒலிபெருக்கியில் அது எறும்பு இருமிய மாதிரி கேட்டது.

உரக்கடையில் என் கணவருக்கு இனாமாகக் கொடுத்த ஸ்பீக்கர் ஒன்று பரண்மேல் கிடந்தது. பக்கவாட்டில் நெற்கதிர் படம் போட்டிருக்கும். அதை இறக்கித் தூசி தட்டி, புளூடூத்தில் இணைத்தேன். சத்தம் வந்தது, தாமதமாக. நான் ஒரு சொல்லை அடித்து முடித்த பிறகுதான் அதன் முதல் எழுத்துக்கு ‘டக்’ விழுந்தது. நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினால்கூட இரண்டு ‘டக்’ பாக்கி வைத்திருந்து பிறகு வந்தது. இருபது வயதில் நான் அடித்த வேகம் அதுதான் என்பதால் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. பழைய வயர் ஒன்றைத் தேடி எடுத்துச் செருகினேன். இப்போது விரலும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. ஒலியை முழுக்கத் திருகினேன். மறுநாள் பதினொரு மணிக்கு அடிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது நிமிஷம் அத்தை கதவருகில் வந்தார். கையில் வெங்காயக் கூடை இருந்தது.

“என்ன கண்ணு, தையல் மிஷினு வாங்கிட்டயா?”

“இல்லீங்க அத்தை. டைப் அடிக்கறனுங்க.”

“டைப்பா?”

அவர் முகம் மாறியது. இந்தச் சத்தத்தை அவர் பதிவு அலுவலகத்திலும் வக்கீல் வீட்டு முன்னறையிலும் கேட்டிருக்கிறார். அதில் பிறந்து எங்கள் குடும்பத்துக்கு வந்த காகிதம் எதுவும் சாதாரணமானதில்லை. நிலப் பத்திரம், பாகப்பிரிவினை, கிணற்று வழக்கு எல்லாம் ‘டக் டக்’கென்று பிறந்தவைதான். நான் என்டரைத் தட்டினேன். மணியடித்தது. அத்தை வெங்காயத்தோடு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அந்த வாரமே வீட்டில் என் அந்தஸ்து உயர்ந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவோரம் மோர் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரி எட்டிப் பார்த்தபோது, “உள்ள சோலி நடக்குது, அப்புறம் வா” என்று அத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியது எனக்குக் கேட்டது. மாட்டுப் பேச்சு வந்தபோது, “அவளுக்கு ஆபீஸு சோலியாட்டத் தலைக்கு மேல கெடக்குதப்பா, அடுத்த சந்தைக்குப் பாக்கலாம்” என்றார். அடுத்த சந்தை அதற்கடுத்த சந்தையானது.

அடித்ததைவிட அழித்ததுதான் அதிகம் என்பது எனக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நிரல் எழுதிய புண்ணியவான் அழிக்கிற விசைக்கும் அதே ‘டக்’கைத்தான் வைத்திருந்தார். ஒரு பத்தி முழுவதையும் நான் வெட்கப்பட்டு அழித்துக்கொண்டிருக்கையில், வெளியே என் உழைப்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் வேறொரு வகையில் மாட்டிக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்கள் நம்பமாட்டார்கள்: எழுத்து வேலையில் பெரும்பங்கு எழுதுவதில்லை. சுவரைப் பார்ப்பது. கால் கட்டைவிரலைப் பார்ப்பது. இந்த வாக்கியத்துக்குப் பிறகு எந்த வாக்கியம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. அதற்குச் சத்தம் கிடையாது. ஐந்து நிமிஷம் சத்தம் நின்றால் போதும், முன்கூடமான ஆசாரத்திலிருந்து கேள்வி வந்துவிடும்.

“என்ன கண்ணு, நின்னு போச்சு? கரண்டு போயிருச்சா?”

“இல்லீங்க அத்தை!” என்று கத்திவிட்டு, பழைய டைப்ரைட்டிங் பாடத்தை எடுத்து அடிப்பேன். இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், திரும்பத் திரும்ப அதே எட்டு எழுத்து. என் வாழ்க்கையில் நான் அடித்தவற்றிலேயே மிகவும் சுறுசுறுப்பாகக் கேட்டது அதுதான். அப்படி இருபது பக்கம் சேர்ந்தது. யோசிப்பதற்காக எடுத்துக்கொண்ட நேரத்தில் யோசிக்க முடியாமல் அர்த்தமில்லாததை அடித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் மட்டும் இருந்திருந்தால் அதை உத்தியோகம் என்றே சொல்லியிருக்கலாம்.

ஆகவே அடுத்த குற்றத்துக்குப் போனேன். ஒரு நாள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் நான் அடிக்கிற சத்தத்தைப் பதிவு செய்தேன். பிறகு யோசிக்க வேண்டி வந்தபோதெல்லாம் அதை லேப்டாப்பிலிருந்து ஓடவிட்டு, கை கட்டி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. அற்புதமாக யோசனை வந்தது. பதிவைக் கடைசிவரை கேட்டுப் பார்க்கவில்லை. என் கட்டுரைகளையும் நான் அப்படித்தான் அனுப்பி வைக்கிறேன்.

துணிச்சல் வளர்ந்தது. அறைக்குப் பின்கதவு உண்டு. திறந்தால் பொடக்காளி என்கிற கொல்லைப்புறம், அதற்கப்பால் தென்னந்தோப்பு. ஒரு நாள் ஒரு கட்டுரைக்கு முடிவு கிடைக்காமல், பதிவை ஓடவிட்டுவிட்டுப் பின்பக்கம் வந்து வைக்கோல் போர் ஓரம் நின்றேன். அரை மணி நேரத்துக்கு மேலிருக்கும். தென்னை ஓலைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முடிவு தானாக வந்து நின்றது. அத்தையும் வந்து நின்றார். கையில் காயப்போட வேண்டிய மிளகாய்த் தட்டு இருந்தது.

என்னைப் பார்த்தார். அறைப் பக்கம் பார்த்தார். அங்கே ‘டக் டக் டக்’.

“நீ இங்க நிக்கற,” என்றார் மெதுவாக. “அங்க ஆரு அடிக்கறது?”

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“கண்ணு… கண்ணோவ்… பருப்பு டப்பாவ எங்க வெச்செ?”

அத்தையின் குரல்தான் அது. அத்தை என் எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றார். உடனே உள்ளிருந்து என் குரல், பணிவாக: “ரெண்டாவது தட்டுலீங்க அத்தை!”

மறுபடியும் ‘டக் டக்’. மணியோசை. ‘கர்ர்ர்’.

நாங்கள் இருவரும் வெளியே நின்று, நாங்கள் இருவரும் உள்ளே பேசிக்கொள்வதைக் கேட்டோம். பதிவு செய்த அன்று அத்தை ஒரே ஒரு முறை கூப்பிட்டிருக்கிறார். நான்தான் மறந்துவிட்டேன்.

“என்ற கொரலு அது!” மிளகாய்த் தட்டு கீழே போய்விட்டது. “என்ற கொரலப் புடிச்சு உள்ள வெச்சிருக்கற!”

அன்று மதியச் சாப்பாடு பஞ்சாயத்தாக மாறியது. அத்தை நடந்ததை நடந்ததைவிட நன்றாகவே சொன்னார். அந்தக் கதை சொல்கிற திறமை எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் பிரபலமாகியிருப்பேன். என் கணவர் முழுவதும் கேட்டார். சாம்பாரைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார்.

“அப்ப மூணு மாசமா உள்ள ஓடிட்டிருந்தது ரெக்கார்டா?”

“கொஞ்சம் ரெக்கார்டு, மிச்சம் நானுங்க.”

“ரெக்கார்டு ஓடறப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தெ?”

“யோசிச்சிட்டிருந்தனுங்க.”

“யோசிக்கறதெல்லாம் ஒரு சோலியா? சும்மாத்தான இருந்திருக்கற.” அவர் கோபப்படவில்லை. தீர்ப்புச் சொன்னார். “சரி. சந்தைக்குப் போயி அந்த ரெண்டு உருப்படியவும் ஓட்டிட்டு வந்தர்றேன்.”

ரசக் கரண்டி என் கையில் இருந்தது. அவ்வளவு நாளும் நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் கேட்ட சாட்சியத்தைக் கள்ளத்தனமாகத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தச் சாட்சியம் எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஏனுங்க, காலைல எங்கிங்க போயிருந்தீங்க?”

“காட்டுக்கு. வேற எங்க?”

“என்ன பண்ணுனீங்க?”

“காட்டப் பாத்துட்டு வந்தேன்.”

“தண்ணி கட்டுனீங்களா? களை வெட்டுனீங்களா? மருந்து அடிச்சீங்களா?”

“இன்னைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்துட்டு வந்தேன்னு சொல்றனல்ல.”

“வரப்பு மேல ஒரு மணி நேரம் கையைப் பின்னால கட்டிட்டு நின்னீங்க. தெனமும் நிக்கறீங்க. நானும் இருவத்தஞ்சு வருசமாப் பாக்கறேன். அப்ப என்ன சத்தமுங்க வருது?”

அவர் பிசைவதை நிறுத்தினார். “அது… நின்னு பாத்தாத்தான எந்தப் பாத்திக்குத் தண்ணி பத்தல, எங்க பூச்சி உளுந்திருக்குதுன்னு தெரியும்? பாக்காம எப்படி வெவசாயம் பண்றது?”

“அதேதானுங்க நானும் பண்றேன்.”

“உன்ற கட்டுரைல என்ன பூச்சியா உளுகும்?”

“உளுகாம என்னுங்க? போன மாசம் வந்தது பூராப் பூச்சிதான். அன்னைக்கு ரெக்கார்டு போடல, நின்னு பாக்கல, அத்தை கேப்பாங்கன்னு சும்மா அடிச்சுட்டே இருந்தேன்.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. “சத்தம் போடறதுதான் வேலைன்னா, நம்ம ஊட்டு மோட்டாருக்குத்தானுங்க முதல்ல எலை போடோணும். நீங்க வரப்புல நிக்கறப்ப நான் ஒரு நாளாவது வந்து, சும்மாத்தான நிக்கறீங்க, இந்த வெங்காயத்தை உரிங்கன்னு சொல்லியிருக்கறனா?”

அவர் மறுபடியும் சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார். வெளியே மோட்டார் ஓடவில்லை.

“அதெல்லாஞ் சரி,” என்றார் அத்தை கடைசியில். “என்ற கொரலத் திருடுனியே, அதுக்கென்ன சொல்ற?”

“அது தப்புத்தானுங்க அத்தை, மன்னிச்சுக்குங்க. இன்னைக்கே அழிச்சர்றேன். ஆனா பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும் இனிமேலு நீங்க நெசமாக் கூப்புட்டாலும் வர மாட்டேன். மாடு வந்தாலும் வர மாட்டேன்.”

மறுநாள் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கரை அணைத்து வைத்தேன். எழுதுவதற்கு நிறைய இருந்தது, வேண்டுமென்றே எழுதவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி, சுவரைப் பார்த்து யோசித்தேன். உண்மையில் யோசனை ஒன்றும் வரவில்லை. நான் யோசிக்கிற மாதிரி தெரிகிறதா என்பதுதான் யோசனையாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அத்தை மூன்று முறை கதவைக் கடந்து போனார். நான்காவது முறை, “கண்ணு…” என்று ஆரம்பித்தார். நான் திரும்பவில்லை. கழுத்து எரிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அந்த அழைப்புக்குத் திரும்பாமல் இருந்தது அதுவே முதல் முறை. கொஞ்ச நேரம் கழித்து ஆசாரத்தில் வெங்காயம் உரிபடுகிற சத்தம் கேட்டது. வெங்காயத்துக்குச் சத்தம் கிடையாதே என்பீர்கள். அத்தை உரித்தால் உண்டு. அன்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சந்தை நாளில் என் கணவர் விடியற்காலையில் வேலந்தாவளம் போனார். பதினொரு மணிக்கு நான் அறையில் இருந்தேன். வாசலில் டெம்போ வந்து நிற்கிற சத்தமும், மாட்டை இறக்குகிற அதட்டலும் கேட்டன. வெளியே போய்ப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. போகவில்லை. ஒரு மணிக்குத்தான் போனேன். கட்டுத்தறியில் புதிதாக ஒரே ஒரு மாடு, வெள்ளையில் கறுப்புத் திட்டு. என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டுன்னு சொன்னீங்க?”

“ஒண்ணு போதும்.” என்னைப் பார்க்காமலே சொன்னார். “இத நானே பாத்துக்கறேன். ரெண்டையும் ஓட்டிட்டு வந்தா, அப்புறம் நான் வரப்புல நிக்கறது எப்பொ?”

டைப்ரைட்டர் சத்தத்தை நான் அழித்துவிடவில்லை. பதிவைத்தான் அழித்தேன். உண்மையாகவே அடிக்கும்போது ஸ்பீக்கரைப் போடுகிறேன், முழுச் சத்தத்தில், மணியோசையோடு. யாரையும் நம்ப வைக்க இல்லை. அவர்கள் காது மூன்று மாதம் என்னைக் கண்காணித்தது, இனி கொஞ்ச நாள் சும்மா வலிக்கட்டுமே என்றுதான். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கேட்கும். மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் ஒன்றும் கேட்காது. அப்போதுதான் நான் அதிகமாக வேலை செய்கிறேன்.

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். மணி பன்னிரண்டு இருக்கும். நான் கதவைத் திறந்து வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரத்தில் அவர் குரல் கேட்டது.

“என்னம்மா இது, ஒறம்பரை வந்தாக் கூட எந்திரிச்சு வராம உள்ள சும்மா உக்காந்திருக்கறா?”

“சும்மா இல்லடி,” என்றார் அத்தை. “அவ வரப்புல நிக்கறா. ஒண்ணு மணிக்கு வருவா. நீ அந்த வெங்காயத்த எடு.”

கேலியாகத்தான் சொன்னார் என்று அந்தக் குரலைக் கேட்ட யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. அப்படியே ஒரு மணி வரை நின்றேன்.